முதலில் சாக்கெட்டைப் பாருங்கள்

கேமிங் கணினிக்குப் பாகம் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது சாக்கெட்டைத்தான், அதாவது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தை. ரைசன் 5 7600 பிராசசர் ஏஎம்5 சாக்கெட்டுக்கு உரியது. பி650 மதர்போர்டில் உட்காரும், பழைய பி450இல் உட்காராது. பி650 போர்டு டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். தம்பியின் டிடிஆர்4 ரேமை வைத்துக் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். ரேமின் அடிவிளிம்பில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருந்ததால் அது உள்ளேயே இறங்கவில்லை.

கிராபிக்ஸ் கார்டின் நீளத்தை கேபினட்டோடு ஒப்பிடுங்கள். என் கார்டு 31 சென்டிமீட்டர். முன்விசிறியைக் கழற்றிய பிறகுதான் நுழைந்தது. பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரத்தையும் பாருங்கள்.

பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டுக்கு என்விடியா சொல்வது 650 வாட். பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம். என் ஹார்ட் டிஸ்க் ஒன்று அப்படித்தான் கருகியது.