மார்கழிப் பனியில் குஞ்சுக் கொட்டகைக்கு எந்தச் சூடு?

பல்லடம் பக்கம் மார்கழியில் கோழிக்குஞ்சு இறக்கினால் முதல் வாரம்தான் எல்லாமே. ஒரு நாள் குஞ்சுக்கு 33 முதல் 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம்.

250 குஞ்சு என்றால் குண்டு பல்பே போதும். குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் 100 வாட் பல்பு 5 மாட்டினால் 12 மணி நேர ராத்திரிக்கு 6 யூனிட் ஆகும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூட்டுக்கு ஆகாது. ஆயிரக்கணக்கில் இறக்கினால் கேஸ் புரூடர் (குஞ்சுக்குச் சூடு தரும் கேஸ் அடுப்பு) நல்லது, கரண்ட் போனாலும் எரியும்.

கரி அடுப்பு மலிவுதான், ஆனால் எனக்குப் பயம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாவை முழுக்க இறக்கிவிட்டு உள்ளேயே ஆள் படுத்தால் உயிரே போய்விடும், அதனால் தயவுசெய்து யாரும் கரி எரியும் கொட்டகைக்குள் தூங்காதீர்கள். எதை வைத்தாலும் சரி, படுதாவின் மேல்பக்கம் ஓரடியாவது திறந்திருக்க வேண்டும்.

குஞ்சு வருவதற்கு முன்பே சூட்டைப் போட்டுவிடுங்கள், கீழே விரித்த தேங்காய் நார்த்தூள் கதகதப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஜில்லென்ற தரையில் விட்ட குஞ்சு தீவனத்தையே தொடாது.

தெர்மாமீட்டரைக் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள். அதைவிட, குஞ்சையே பாருங்கள்: பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று அடைந்தால் குளிர், சுற்றி நிறுத்திய தடுப்புத் தகட்டோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் சரி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள், குளிர் ஏறுவதே அதற்கப்புறம்தான்.