ஒரே குட்டிக் கணினியில் கணக்கும் படமும்

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டில் பகலில் ஜிஎஸ்டி கணக்கு வேலைக்கும் இரவில் படம் பார்ப்பதற்கும் ஒன்றே போதும் என்று, மலிவு விலை மினி பிசி ஒன்றை வாங்கி 43 அங்குல 4கே டிவியுடன் இணைத்தேன். படம் ஓடியது; ஆனால் மவுஸ் அம்புக்குறி திக்கித் திக்கி நகர்ந்தது, டாஸ்க்பாரின் கீழ்ப்பாதி திரைக்கு வெளியே போயிற்று, எக்செல் கட்டங்களில் சிவப்பு எழுத்துகள் பிசிறடித்தன.

கணினியில் இருந்தது எச்டிஎம்ஐ 1.4 வாயில் (டிவிக்கான கேபிளைச் செருகும் இடம்), அது 4கே படத்தை நொடிக்கு 30 முறை மட்டுமே புதுப்பிக்கும் என்பதால், அருகிலிருந்த இன்னொரு வகை வாயிலான டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இலிருந்து படத்தை எச்டிஎம்ஐக்குத் தானே மாற்றி 60 முறை அனுப்பக்கூடிய 'ஆக்டிவ்' வகை அடாப்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தி, டிவியிலும் அந்த உள்ளீட்டுக்கு உயர்வேக எச்டிஎம்ஐ அமைப்பை இயக்கினேன். விலை குறைந்த சாதாரண அடாப்டர் இதற்கு உதவாது. கடைக்காரர் எதையாவது தலையில் கட்டிவிடாமல் உறையில் '4கே 60' என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குவது நல்லது. செலவே வேண்டாம் என்பவர்கள் திரைத் தெளிவை 4கே-யிலிருந்து 1080க்கு (ஃபுல் எச்டி) குறைத்தாலே அம்புக்குறி சீராகிவிடும்.

ஓரம் வெட்டுப்படுவது டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டுவதால் வருவது; பட அளவு அமைப்பில் அதை நிறுத்தினேன். உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றியதும், நிற விவரத்தைச் சுருக்காமல் டிவி முழுமையாகக் காட்டியதால், சிவப்பு எழுத்துகள் கூர்மையாயின.

எஞ்சியது சூடு. சித்திரை வெயிலில் மூடிய டிவி அலமாரிக்குள் கணினியின் விசிறி இரைந்துகொண்டே இருந்ததால், பெட்டியை டிவியின் முதுகில் திருகித் தொங்கவிட்டிருக்கிறேன். இப்போது வசனத்துக்கிடையே அந்த இரைச்சல் கேட்பதில்லை.