பன்னாடை, சாக்கு, முட்டை ஓடு: முதல் புடைப்பு ஓவியம் செய்வது எப்படி?

தென்னை மரத்தடியில் கிடக்கும் பன்னாடையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக நார் ஓடுகிற அந்தப் பின்னலை எந்தத் தூரிகையாலும் கொண்டுவர முடியாது. அதனால் வரைய வேண்டாம், அதையே ஒட்டிவிடலாம். இப்படிப் பொருள்களை ஒட்டி மேடுபள்ளமாகச் செய்யும் படம்தான் புடைப்பு ஓவியம்.

அடித்தளத்துக்கு ஓரடிச் சதுரத்தில் 6 மி.மீ. ப்ளைவுட் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை வேண்டாம், பசையின் ஈரம் காயும்போது வளைந்துவிடும். பன்னாடையோடு ஒரு கிழிந்த சாக்குத் துண்டு, கொஞ்சம் முட்டை ஓடு, அவ்வளவுதான். கண்ணில் படுவதையெல்லாம் ஒட்டத் தோன்றும், ஆனால் முதல் படத்துக்கு மூன்று பொருள் தாராளம்.

சாக்கை மட்டமாக நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் டெக்சாஸில் போர்க்கைதியாக இருந்த இத்தாலிய மருத்துவர் ஆல்பர்ட்டோ புர்ரி அங்கேதான் சாக்குத் துணியில் வரையத் தொடங்கினார், பிறகு 1950களில் கிழிந்ததும் தைத்ததுமான சாக்குகளையே படைப்பாக்கினார்.

முதலில் சுத்தம். பன்னாடையையும் சாக்கையும் அலசி நல்ல வெயிலில் மொறமொறவென்று காயவிடுங்கள், உள்ளே ஈரம் இருந்தால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். முட்டை ஓட்டைக் கழுவி உள்பக்கச் சவ்வை உரித்துவிடுங்கள், அது இருந்தால் ஓடு சரியாக ஒட்டாது.

அப்புறம் பசை. ஃபெவிகாலில் சாக்பீஸ் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கெட்டியான இட்லி மாவுப் பதம் வரும்வரை கலக்குங்கள். பலகையில் இதைப் பழைய கரண்டியாலோ சீப்பாலோ இழுத்துப் பூசி, ஈரமாக இருக்கும்போதே சாக்கையும் பன்னாடையையும் பதித்து விரலால் நன்றாக அழுத்துங்கள். முட்டை ஓட்டைக் கவிழ்த்து வைத்து அழுத்தினால் அது பதிந்த இடத்திலேயே நொறுங்கி அழகான விரிசல் வலை கிடைக்கும். ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவையுங்கள், மேடு மேடாகத் தெரிய பக்கத்தில் சமதளம் வேண்டும். ஒருநாள் முழுக்கக் காயட்டும், பூச்சு தடிமன் என்றால் இன்னும் ஒருநாள்.

இனிதான் முக்கியமான வேலை. பொருளின் இயல்பான நிறம் அழகாகத்தான் இருக்கும், இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றின்மேலும் அடர்பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தைச் சற்று நீர்க்கக் கலந்து, இண்டு இடுக்கெல்லாம் இறங்கும்படி பூசிவிடுங்கள். நிறங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டால் கண் நிறத்தைத்தான் பார்க்கும், மேடுபள்ளத்தைப் பார்க்காது. காய்ந்ததும் அகலமான தூரிகையில் வெளிர் மஞ்சளைத் தொட்டு, பழைய துணியில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, தொட்டும் தொடாமலும் மேலாகத் தடவுங்கள். மேடுகள் மட்டும் நிறத்தை வாங்கிக்கொள்ள, பள்ளங்கள் இருட்டாகவே நிற்கும், ஒவ்வொரு நாரும் தனித்தனியாக எழுந்து வரும். பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!

சரி, கடைசியாக மேட் வார்னிஷ் ஒரு கை அடியுங்கள். பளபளப்பு வார்னிஷ் வெளிச்சத்தைத் திருப்பியடித்துப் புடைப்பை மறைத்துவிடும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில், வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் மாட்டுங்கள், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவராக மட்டும் இருக்க வேண்டாம்.