தங்கவயல் பக்கம் சுற்றப் போகிறவர்கள் செய்யும் தவறுகள் (நான் செய்ததும் சேர்த்து)

போன மாதம் கோலார் தங்கவயலில், மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டுப் பையன்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். "அண்ணா, மைன்ஸ் உள்ள போக டிக்கெட் எங்க தராங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் கிளாஸைப் பார்த்தேன். இதே கேள்வியை முதல் தடவை வந்தபோது நானும் கேட்டிருக்கிறேன். அதுவும் சும்மா இல்லை, "எங்க தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல முப்பது வருஷம் வேலை பார்த்தவர்" என்ற பெருமையோடு.

குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போன எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இப்போது வருஷத்துக்கு மூன்று நான்கு முறை நண்பர்களையும் பறவை பார்ப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். தண்ணீர் பாட்டில், தொப்பி, நல்ல ஷூ இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

சுரங்கத்துக்குள் போகலாம் என்று கிளம்புவது

முடியாது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த பம்புகளும் நின்றுவிட்டதால் உள்ளே நீர் ஏறிவிட்டது. 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப், 1965இல் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைப் பிடித்த இடம், எல்லாம் இப்போது தண்ணீருக்கடியில்தான். மேலே நிற்பவை இரும்புக் கோபுரங்களும் பூட்டிய கேட்டுகளும். பழைய ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி) பக்கம் சுவர் ஏறிக் குதிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அந்த நிலத்தடியில் பாறை வெடித்துச் சிதறுவதை ஊரில் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் அது நடந்தால் மேலே வீட்டுச் சுவரே விரிசல் விடும் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். அப்படித் தோண்டிக் குடைந்த தரை அது.

சயனைடு மேட்டில் ஏறுவது

இதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தங்கவயலுக்குள் நுழைந்ததுமே கண்ணில் படுவது அந்த மேடுகள்தான். வெளிறிய சாம்பல் நிறம், மழை அறுத்த வரிகள், சாயங்கால வெயிலில் ராஜஸ்தான் மாதிரி இருக்கும். சினிமா பார்த்துவிட்டு வருகிறவர்கள் வண்டியை நிறுத்தியதும் முதலில் ஓடுவது அங்கேதான். ஆனால் அது மணல் இல்லை. பாறையை வெட்டி எடுத்து, மில்லில் மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய சக்கை. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கம்தான் கிடைத்தது என்றால், மிச்சமெல்லாம் எங்கே போயிருக்கும் என்று பாருங்கள். 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் தங்கத்தை மறுபடி எடுக்கலாம் என்ற திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் ஒப்புதல் கொடுத்தது, அது வேறு கதை.

2012 ஆடி மாதம், பதினோரு பேரோடு நான் ஏறினேன். ஏறினேன் என்ன, நானேதான் "மேலே இருந்து பார்த்தா ஊரே தெரியும், வாங்க" என்று கூப்பிட்டேன். மேலே தட்டையாக, தார் ரோடு மாதிரி கெட்டியாக இருந்தது. அந்தக் கெட்டி வெறும் பொருக்கு. மழைத் தண்ணீர் விளிம்புக்கு அடியில் புகுந்து குடைந்து வைத்திருப்பது மேலே நிற்பவனுக்குத் தெரியாது. முன்னால் போன நண்பன் கால் வைத்ததும் விளிம்பு பொத்தென்று உடைந்து, ஓடை மாதிரி அறுத்திருந்த பள்ளத்தில் இடுப்பளவு இறங்கிவிட்டான். அவனைக் கைகொடுத்து இழுக்கும்போது காற்று ஒரு சுழற்று சுழற்றியது. வாய், மூக்கு, கண் எல்லாம் மாவு. என் கழுத்தில் தொங்கிய லென்ஸ் என் மச்சானிடம் இரவல் வாங்கியது. அதன் ஜூம் வளையத்துக்குள் புகுந்த தூசு கரகரவென்று அரைத்தது, ரிப்பேருக்கு பதினாலாயிரம் ரூபாய். மச்சான் இன்றுவரை எனக்கு ஒரு குடை கூட இரவல் தருவதில்லை.

கீழே இறங்கி இருமிக்கொண்டு நின்றபோது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார். "இந்தத் தூசு வருதுன்னுதான் தம்பி நாங்க ஜன்னலை மூடி வச்சிருக்கோம். நீங்க வண்டிக்குக் காசு போட்டு வந்து மூச்சுல இழுக்குறீங்க" என்றார். அப்போதுதான் எனக்குத் தாத்தாவின் இருமல் ஞாபகம் வந்தது. கடைசி ஐந்து வருஷம் அவர் படுத்துத் தூங்கியதே இல்லை, சுவரில் சாய்ந்துதான். பாறைத் தூசு நுரையீரலில் படிந்து வரும் அந்த நோய் தங்கவயலில் பாதி வீடுகளுக்குத் தெரிந்த விருந்தாளி. அந்தத் தூசின் மலை மேலே நின்று நான் போட்டோ எடுத்திருக்கிறேன்.

பெயரைக் கேட்டுச் சயனைடுக்குப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். அது வெயிலிலும் காற்றிலும் பெரும்பகுதி சிதைந்துவிடக் கூடியது. "சயனைடெல்லாம் போயிடுச்சு, பயமில்ல" என்று சொல்லிக் குழந்தைகளை அதில் சறுக்கவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சயனைடு போனாலும் மாவாக அரைத்த கல் எங்கேயும் போகவில்லை. பாறையில் இருந்த கந்தகத் தாதுவும் அதில்தான் இருக்கிறது, மழையில் அது அமிலமாகிக் கசியும். அடிவாரத்தில் தேங்கிய தண்ணீரில் கை கால் கழுவவும் கூடாது.

மேட்டைப் பார்க்க ஆசையா? பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயில் ஜன்னலிலிருந்து பாருங்கள், சாயங்காலம் ரோட்டோரத்தில் நின்று பாருங்கள். படம் இன்னும் நன்றாக வரும், ஏனென்றால் மேட்டின் மேல் நின்றால் மேடு படத்தில் வராது.

ஆளில்லாத ஊர் என்று நினைப்பது

'பேய் நகரம்' என்று தலைப்பு போட்டு வீடியோ எடுப்பவர்களை, சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் பெண்கள் விளக்குமாற்றோடு துரத்தியதை நான் பார்த்திருக்கிறேன், நியாயம்தான். ஆசியாவில் பல நகரங்கள் மின்விளக்கு பார்க்காத 1902லேயே சிவனசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர், பேத்தமங்கலம் ஏரித் தண்ணீரைக் குழாயில் குடித்த ஊர். இன்றைக்கு அங்கிருந்து தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். லைன் வீடுகள் ஒற்றை அறை, வாசல்தான் அவர்கள் கூடம். அந்த வாசலில் கேமராவை நீட்டுவது ஒருவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போலத்தான். தமிழில் இரண்டு வார்த்தை பேசுங்கள், டீயே வந்துவிடும்.

தங்கவயல் பக்கத்துப் பெத்தபள்ளிக்குச் சுத்தியலோடு போவது

போகாதீர்கள். 270 கோடி வருஷப் பழைய எரிமலைப் பாறை, தேசிய நிலவியல் சின்னம். உங்கள் ஷோகேஸுக்கு ஒரு துண்டு தேவையில்லை.

கோலார் ஊரைத் தாண்டிப் போய்விடுவது

தங்கவயலையும் கோலாரையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பலர் கோலார் ஊருக்குள் இறங்குவதே இல்லை. கோலாரம்மா கோவிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர் காலத்தில் இந்தப் பகுதிக்கு நிகரிலிசோழ மண்டலம் என்று பெயர், கோலார் அப்போது குவளாலம். கொஞ்சம் பழகினால் நாமே எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம்.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ மாவோ தேய்க்கும் வேலை மட்டும் வேண்டாம். டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடியுங்கள். வெட்டின பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும்.

கோலார் பக்கத்து அந்தரகங்கை மலையில் கையில் பையோடு ஏறுவது

குரங்கு.

கௌண்டின்யா காட்டைப் பூங்கா என்று நினைப்பது

ஆந்திர எல்லையைத் தாண்டினால் பலமநேரி, குப்பம் பக்கம் கௌண்டின்யா சரணாலயம். இரண்டு நூற்றாண்டாக யானையே இல்லாத அந்தக் காட்டுக்கு 1980களில் தமிழ்நாட்டு, கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் நடந்து வந்து தங்கிவிட்டன. 1990இல் சரணாலயமானது. யானைக்கு மாநில எல்லை தெரியாது, காமசமுத்திரம் பக்கத்து வயல்களுக்கும் வரும். மத்தியானம் வரை தங்கவயலில் சுற்றிவிட்டு, "அப்படியே கைகல் அருவியையும் பார்த்துடலாம்" என்று நாலு மணிக்குக் கிளம்புவதுதான் தவறு. திரும்பும்போது இருட்டிவிடும், காட்டு ரோட்டில் யானை நின்றால் ஹாரனும் அடிக்க முடியாது, திரும்பவும் முடியாது. எனக்கு ஒருமுறை நாற்பது நிமிஷம் லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டிவந்தது, வண்டியில் யாரும் தும்மக்கூட இல்லை.

காட்டுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வனத்துறை அனுமதியோடு போனால், பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவை கண்ணில் பட வாய்ப்புண்டு. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர அது வேறெங்கும் கிடையாது. அதைத் தேடி வந்துவிட்டு, யானை போட்டோ கிடைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொள்பவர்களை நான் அடுத்த முறை கூப்பிடுவதில்லை.

ரயில் நேரம்

காலையில் பெங்களூரு போகும் ரயிலிலும் சாயங்காலம் திரும்பி வரும் ரயிலிலும் நிற்கக்கூட இடம் இருக்காது. நீங்கள் எதிர்த்திசையில் போங்கள், ஜன்னல் சீட்டே கிடைக்கும்.