ஒரே கோப்பு, பல கடைகள்: ஓனிக்ஸ் முறையில் நூல் விவரம் தயாரிப்பது எப்படி?

நூறு நூல்கள், ஐந்து இணையக் கடைகள் என்றால் ஐந்நூறு படிவங்கள். ஒவ்வொன்றிலும் தலைப்பு, விலை, பக்க எண்ணிக்கை, அட்டைப்படம். விலை மாறினால் அத்தனையையும் மறுபடி திறக்க வேண்டும். இரண்டு மூன்று கட்டாயம் விட்டுப்போகும். இதற்குப் பதிப்புத் துறை கண்ட வழிதான் ஓனிக்ஸ்: நூல் விவரங்களை ஒரே கோப்பில் எழுதி எல்லாக் கடைகளுக்கும் அனுப்பும் பொது முறை. 2000-இல் அறிமுகமானது. எடிட்யூர் என்ற அமைப்பு இதைப் பராமரிக்கிறது. இப்போது புழக்கத்தில் இருப்பவை 2009-இல் வந்த 3.0-உம் 2023-இல் வந்த 3.1-உம். பழைய 2.1-க்கான பராமரிப்பை எடிட்யூர் 2014 இறுதியோடு நிறுத்திவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஓனிக்ஸ் ஒரு மென்பொருள் அல்ல. எந்த விவரத்தை எந்தப் பெயரில், எந்தக் குறியீட்டில் எக்ஸ்எம்எல் கோப்பில் (ஒவ்வொரு விவரத்துக்கும் பெயர்க்குறி இட்டு, கணினி படிக்கும்படி எழுதும் உரைக்கோப்பு) எழுதுவது என்பதற்கான ஒப்பந்தம், அவ்வளவுதான். கோப்பைக் கையால் எழுதத் தேவையில்லை. நூல்கள் குறைவாக இருந்தால் விநியோகஸ்தர் தரும் அட்டவணைப் படிவமே போதும். பட்டியல் வளர்ந்த பிறகு ஓனிக்ஸ் ஏற்றுமதி செய்யும் மென்பொருளுக்கு மாறலாம். எந்த வழியில் போனாலும் நிரப்ப வேண்டிய விவரங்கள் இவைதான். (குறியீடுகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம், கோப்பில் ரோமன் எழுத்தில் வர வேண்டும்.)

படி 1: ஒரு ஐஎஸ்பிஎன்னுக்கு ஒரு வரி

நூலுக்கு ஒரு வரி அல்ல, வடிவத்துக்கு ஒரு வரி. கெட்டி அட்டை, காகித அட்டை, இபப் மின்னூல் மூன்றும் மூன்று சரக்குகள்; மூன்றுக்கும் தனித்தனி ஐஎஸ்பிஎன் (நூலின் பன்னாட்டு அடையாள எண்). வடிவக் குறியீடு கெட்டி அட்டைக்கு பிபி, காகித அட்டைக்கு பிசி. மின்னூலுக்கு ஈடி என்று போட்டு, கூடுதல் விவரமாக ஈ101 சேர்த்தால் அது இபப் என்று கடைக்குத் தெரியும். பிறகு மூன்றையும் ‘மாற்று வடிவம்’ என்ற உறவுக் குறியீடு 06-ஆல் ஒன்றோடொன்று இணையுங்கள். இதை விட்டுவிட்டால் ஒரே நூலின் மின்னூலும் அச்சு நூலும் கடையில் ஒன்றையொன்று அறியாத இரண்டு பக்கங்களாகக் கிடக்கக்கூடும்.

எக்செல்லில் தட்டச்சு செய்வதற்கு முன்பே எல்லா நெடுவரிசைகளையும் ‘உரை’ வகைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 13 இலக்க ஐஎஸ்பிஎன் அடுக்குக்குறி வடிவில் சுருங்கிவிடும். அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) சேமித்தால் கடைசி இலக்கங்கள் திரும்பி வராது. 03 என்ற குறியீடும் வெறும் 3 ஆகிவிடும்.

படி 2: ஐஎஸ்பிஎன்னைச் சரிபார்ப்பது

முதல் 12 இலக்கங்களை மாறி மாறி 1, 3 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க என்ன எண் தேவையோ அதுவே 13-ஆம் இலக்கம். தொகையே பத்தின் மடங்காக இருந்தால் 0. 978030640615 என்றால் கூட்டுத்தொகை 93. ஆகவே கடைசி இலக்கம் 7. இந்தச் சோதனை எல்லாப் பிழையையும் பிடிக்காது. பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி, அவற்றுக்கிடையே வித்தியாசம் சரியாக 5 ஆக இருந்தால் (16-க்குப் பதில் 61) தப்பிவிடும். அதனால் அட்டையில் அச்சாகும் எண்ணோடும் ஒருமுறை ஒப்பிடுங்கள். கோப்பில் இடைக்கோடு இல்லாமல், அடையாள வகை 15 என்று குறித்து எழுத வேண்டும்.

படி 3: பதிவு எண்ணும் அறிவிப்பு வகையும்

ஒவ்வொரு பதிவுக்கும் நீங்களே ஒரு தனி எண் தர வேண்டும். இதற்குப் பெயர் ரெக்கார்ட் ரெஃபரன்ஸ். ஒருமுறை அனுப்பிய பிறகு இதை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். மாற்றினால் கடை அதைப் புதுச் சரக்காக எடுத்துக்கொண்டு இரட்டைப் பதிவு போட்டுவிடும்.

அறிவிப்பு வகையில் 01 ஆரம்பத் தகவல், 02 வெளியீட்டுக்கு முந்தைய தகவல், 03 நூலைக் கையில் வைத்து உறுதி செய்த தகவல். 05 என்றால் நீக்கம். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த 05-இல்தான். நூல் அச்சில் இல்லை என்பதைத் தெரிவிக்க 05 அனுப்புகிறார்கள். அது தவறாக அனுப்பிய பதிவைத் திரும்பப் பெறுவதற்கு மட்டுமே உரியது. அச்சில் இல்லாத நூலுக்கு அறிவிப்பு வகை 03-ஆகவே இருக்கட்டும். ‘வெளியீட்டு நிலை’ என்ற தனி இடத்தை மட்டும் 04-இலிருந்து (புழக்கத்தில் உள்ளது) 07-க்கு (அச்சில் இல்லை) மாற்றுங்கள்.

படி 4: தலைப்பும் பெயர்களும்

தலைப்பு, துணைத்தலைப்பு, தொடர்வரிசைப் பெயர் மூன்றுக்கும் தனித்தனி இடங்கள் உண்டு. எல்லாவற்றையும் தலைப்புக்குள் திணித்தால் தேடலில் ஒன்றும் பொருந்தாது. ‘விற்பனையில் முதலிடம்’ போன்ற விளம்பரத்துக்குத் தலைப்பில் இடமே இல்லை.

எழுத்தாளருக்கு ஏ01, ஓவியருக்கு ஏ12, பதிப்பாசிரியருக்கு பி01, மொழிபெயர்ப்பாளருக்கு பி06. ஆளுக்கொரு பதிவு, ‘மற்றும்’ போட்டு ஒரே பெட்டியில் இருவரை அடைக்கக் கூடாது. பெயரை அகரவரிசைப்படுத்த ‘முதன்மைப் பெயர்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. குடும்பப் பெயரை மனத்தில் வைத்து அமைத்தது அது. எஸ். குமரன் என்ற பெயரில் குமரன்தான் முதன்மைப் பெயர்; ‘எஸ்.’ அதற்கு முந்தைய பகுதி. மாற்றிப் போட்டால் எல்லா ஆசிரியர்களும் முன்னெழுத்தின் வரிசையில் போய் நிற்பார்கள். இன்னொன்று: ஒரே ஆசிரியர் பெயரை ஒரு நூலில் புள்ளியோடும் இன்னொன்றில் புள்ளியில்லாமலும் எழுதினால் சில கடைகளில் அவர் இரண்டு ஆளாகிவிடுவார்.

படி 5: பொருள் வகை, பின்னட்டைக் குறிப்பு, அட்டைப்படம்

பொருள் வகைக்கு 2013-இல் வந்த தீமா என்ற பன்னாட்டு வகைப்பாட்டைப் பயன்படுத்துங்கள். தீமாவுக்கான திட்டக் குறியீடு 93. முதன்மை வகை ஒன்றுதான். அதை மிக நுட்பமாகத் தேர்ந்தெடுங்கள். வெறும் ‘புனைவு’ என்று நிறுத்தினால் நூல் கூட்டத்தில் காணாமல் போகும்.

குறுவிவரத்துக்கு (உரை வகை 02) 350 எழுத்துகள் வரை. முழுக் குறிப்பு (03) நீளமாக இருக்கலாம். ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்பை அப்படியே ஒட்டினால் கடையில் கிறுக்கல்தான் தெரியும். முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். உரைக்குள் & குறி நேரடியாக வந்தால் கோப்பு முழுவதுமே செல்லாததாகிவிடும்; எக்ஸ்எம்எல் விதிப்படி அதற்குரிய மாற்றுக்குறியை இட வேண்டும்.

அட்டைப்படம் ஜேபெக் கோப்பாக, திரைக்கான ஆர்ஜிபி வண்ணத்தில். அச்சகத்துக்குப் போன, அச்சு வண்ணத்திலான சிஎம்ஒய்கே கோப்பை அப்படியே அனுப்பினால் நிறம் மாறித் தெரியும், அல்லது கடை ஏற்காது.

படி 6: உரிமை, விலை, தேதி

எந்தெந்த நாடுகளில் விற்கலாம் என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். உரிமை விவரம் தெளிவாக இல்லாத நூலைக் கடைகள் விற்பனைக்குத் திறக்கத் தயங்கும். விலையில் வகை 01 வரி சேராதது, 02 வரி சேர்ந்தது. வரி சேர்ந்த விலையை 01 என்று அனுப்பினால் கடை அதன்மேல் இன்னொருமுறை வரி போடும். வாசகர் கூடுதலாகக் கொடுப்பார், புகார் உங்களுக்கு வரும். நாணயத்துக்கு மூன்றெழுத்துக் குறியீடு. தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எட்டு இலக்கம்.

படி 7: அனுப்பும் முன்

எடிட்யூர் தளத்தில் கிடைக்கும் திட்டவரைவை (கோப்பின் அமைப்பு விதிகளைச் சொல்லும் ஸ்கீமா) கொண்டு கோப்பைச் சோதியுங்கள். உறுப்புகளின் வரிசை மாறினால்கூடப் பிழை காட்டும். ஆனால் 250 பக்க நூலுக்கு 25 என்று எழுதியிருந்தால் எந்தச் சோதனையும் கண்டுபிடிக்காது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். முதல் கோப்பில் ஐந்தாறு நூல்களை மட்டும் அனுப்பி, கடைப் பக்கத்தில் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்த பிறகு மீதியை அனுப்புங்கள்.

படி 8: திருத்தங்கள்

விலை மட்டும் மாறினாலும் முழுப் பதிவையும் அனுப்புவதே பாதுகாப்பான வழக்கம். வழக்கமான முறையில் புதுப் பதிவு பழையதன் இடத்தில் அப்படியே அமர்ந்துகொள்ளும். நீங்கள் விட்ட பகுதி கடையிலும் அழிந்துவிடக்கூடும். கடையின் தளத்துக்குள் நுழைந்து கையால் திருத்துவதும் வீண். அடுத்த கோப்பு வந்ததும் பழைய பிழை திரும்பிவிடும். திருத்தம் எப்போதும் உங்கள் மூல அட்டவணையில்தான் நடக்க வேண்டும்.

அப்படியும் ஒரு கடையில் விலை அடிக்கடி முன்னும் பின்னும் மாறினால், அதே ஐஎஸ்பிஎன்னுக்கு விநியோகஸ்தரும் தனியாகக் கோப்பு அனுப்புகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அனுப்பினால், அந்தக் கடைக்கு இருவரில் யார் அனுப்புவது என்று எழுத்தில் முடிவு செய்து, மற்றவர் நிறுத்திக்கொள்ள வேண்டும்.