பழைய பயண ஓவியங்களில் ஒட்டகத்தைச் சோதித்துப் பார்க்கும் முறை

எகிப்து, பாலஸ்தீனம், சிரியா ஆகிய நாடுகளைக் காட்டும் பழைய பயண ஓவியமொன்றில் ஒட்டகம் இருந்தால், ஓவியர் அதை நேரில் பார்த்து வரைந்தாரா என்பதை அறிய, கால்களிலிருந்து தொடங்குவது நல்லது. திமிலை எவரும் மறப்பதில்லை. கேள்விப்பட்டு வரைந்தவர் அகப்பட்டுக்கொள்வது கால்களில்தான். ஒட்டகம் நடக்கும்போது ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் ஏறக்குறைய சேர்ந்தே முன்னேறும். பாதத்தில் குதிரையின் குளம்பு இராது. இரண்டு நகங்களோடு அகன்று பரந்த சதைத் திண்டுதான் இருக்கும். அமர்ந்திருக்கும் ஒட்டகமாயின் இன்னும் எளிது: முழங்கால்கள் மடங்கி, மார்பிலுள்ள தடித்த காய்ப்பு தரையில் ஊன்றியிருக்க வேண்டும். எழும்போது பின்பகுதியே முதலில் உயரும் என்பதால், அந்தக் கணத்தில் மேலே இருப்பவர் முன்னால் சாய்ந்தவாறு காணப்படுவார்.

அடுத்துத் திமில். இப்பகுதியின் ஒட்டகம் ஒற்றைத் திமிலுடையது. எருசலேம் காட்சியில் இரட்டைத் திமில் தென்பட்டால் ஐயுறலாம். அனத்தோலிய (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) காட்சியில் மட்டும் அவசரம் கூடாது, ஏனெனில் அங்கே இருவகையின் கலப்பினங்களும் பொதி சுமந்தன.

ஓவியரே அளிக்கும் உறுதிமொழியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 1486இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வெளியான பிரைடன்பாக்கின் புனித நாட்டு (பாலஸ்தீன) பயண நூலுக்கு எர்ஹார்ட் ராய்விச் உருவாக்கிய மரச்செதுக்கு அச்சில், நேரில் கண்டவாறே வரைந்த விலங்குகள் என்ற குறிப்போடு ஒட்டகமும் இருக்கிறது, கற்பனை விலங்கான ஒற்றைக்கொம்புக் குதிரையும் இருக்கிறது.

அச்சுப் படமாயின், அது எத்தனை கைகள் மாறி வந்தது என்று பாருங்கள். ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் 1838–39இல் எகிப்திலும் புனித நாட்டிலும் வரைந்தவற்றை லூயி ஹாக் கல்லச்சாக்க (கல்லில் வரைந்து தாளில் பதிக்கும் முறை), அவை 1842 முதல் 1849 வரை லண்டனில் வெளிவந்தன. ஆகவே முன்புறத்து ஒட்டகக் கூட்டம் களத்தில் வரைந்த படத்திலும் உள்ளதா என ஒப்பிடுவது அவசியம். அதில் இல்லையெனில், இடிபாட்டின் உயரத்தை உணர்த்தவோ வெற்றிடத்தை நிரப்பவோ பின்னர் சேர்க்கப்பட்டிருக்கக்கூடும். கல்லில் நேராக வரைந்தது தாளில் இடவலம் மாறிப் பதியும் என்பதால் திசையையும் சரிபார்க்க வேண்டும். ஆனால் அதற்கு ஒட்டகம் உதவாது. நன்கறிந்த கட்டடம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

தேதியை மட்டும் வைத்து ஓர் ஓவியத்தைத் தள்ளிவிடவும் கூடாது. ஆங்கில ஓவியர் ஜான் ஃபிரெடெரிக் லூயிஸ் 1842ஆம் ஆண்டின் சினாய்ப் பாலைவன முகாமை 1856இல் இங்கிலாந்தில்தான் தீட்டி முடித்தார்; எனினும் கெய்ரோவில் பத்தாண்டு வாழ்ந்தவர் அவர்.