டியூடர் காலக் கலகத்தின் காரணத்தைப் பிரித்தெடுப்பது எப்படி?

இங்கிலாந்தை டியூடர் அரச குடும்பம் ஆண்ட காலத்தில் (1485–1603) நடந்த ஒரு கலகத்துக்குக் காரணம் என்ன என்று தேர்வில் கேட்டால், "மதம், வரி, வறுமை" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். அந்தப் பதிலை 1497 கார்ன்வால் கலகத்துக்கும் எழுதலாம், 1569 வடக்குக் கலகத்துக்கும் எழுதலாம். அதனால்தான் அதற்கு மதிப்பெண் விழுவதில்லை.

முதலில் கலகக்காரர்களின் கோரிக்கைப் பட்டியலை எடுங்கள். 1549 ஜூலையில் ராபர்ட் கெட் தலைமையில் நாரிச் நகருக்கு வெளியே மவுஸ்ஹோல்ட் மேட்டில் கூடியவர்கள் 29 கோரிக்கைகள் வைத்தார்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் யார்மேல் புகார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பொது மேய்ச்சல் நிலத்தில் பண்ணைப் பிரபு தன் மந்தையை விடக்கூடாது. புல்வெளிகளின் விலை ஏழாம் ஹென்றி பட்டமேறிய ஆண்டின் அளவுக்கு இறங்க வேண்டும். பண்ணையடிமைகளை விடுவிக்க வேண்டும். புகார் பெரும்பாலும் உள்ளூர்ப் பெருநிலக்காரர்மேல். அரசரிடமோ நியாயம் வழங்குமாறு வேண்டுகிறார்கள். கெட் கலகம் என்றாலே வேலியடைப்பு (பொது நிலத்தை வேலி போட்டுத் தனதாக்குவது) என்று சுருக்குவது பெரிய பிழை. வேலியைப் பேசும் முதல் கோரிக்கையே, குங்குமப்பூ பயிரிட வேலி போட்டவர்களுக்குப் பாதிப்பு வரக்கூடாது என்கிறது.

அடுத்து, பேனா யார் கையில் இருந்தது என்று பாருங்கள். எட்டாம் ஹென்றிக்கு எதிராக வட இங்கிலாந்தில் எழுந்த 'அருள் யாத்திரை' (Pilgrimage of Grace) கலகக்காரர்கள் 1536 டிசம்பரில் பான்டிஃப்ராக்டில் எழுதிய 24 கோரிக்கைகளில், நிலத்தை வாரிசுகளுக்கு விட்டுச்செல்லும் வழிகளைக் கட்டுப்படுத்திய நிலவுரிமைப் பயன்பாட்டுச் சட்டத்தை (Statute of Uses) நீக்கச் சொல்லும் ஒன்று உண்டு. அது சொத்துள்ள குடும்பங்களின் கவலை, உழவனுடையது அல்ல. தலைவர் ராபர்ட் ஆஸ்க் ஒரு வழக்கறிஞர். குற்றத்தை அரசர்மேல் போடாமல் தாமஸ் குரோம்வெல் போன்ற ஆலோசகர்கள்மேல் போட்டதையும் கவனியுங்கள். அரசரை எதிர்ப்பது ராஜதுரோகம். ஆலோசகரைக் குறைசொன்னால் விசுவாசியாகவே பேசலாம்.

பிறகு, பல ஆண்டுக் குறையையும் அன்றைய தீப்பொறியையும் தனித்தனியாக எழுதுங்கள். 1536 இலையுதிர்காலத்தில் லிங்கன்ஷயரில் மடங்களைக் கலைப்பவர்கள், வரி வசூலிப்பவர்கள், பாதிரியார்களை விசாரிப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சுற்றினார்கள். தேவாலய வெள்ளிப் பாத்திரங்களும் பறிபோகும் என்ற வதந்தி பரவ, அக்டோபர் தொடக்கத்தில் லௌத் ஊர் எழுந்தது. வதந்தியும் ஒரு காரணம்தான், விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, அருகில் நடந்த இன்னொன்றோடு ஒப்பிடுங்கள். கெட் கலகம் நடந்த அதே 1549-இல், ஜூன் 9 அன்று ஆங்கில வழிபாட்டு நூல் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே டெவனில் சாம்ப்ஃபோர்ட் கோர்ட்னே மக்கள் தங்கள் பாதிரியாரைப் பழைய லத்தீன் பூசையே செய்ய வைத்தார்கள். கெட் முகாமிலோ அந்தப் புதிய நூலைக் கொண்டே வழிபாடு நடந்தது. ஆண்டும் அரசரும் ஒன்று, மத நிலைப்பாடு நேரெதிர்.

1601 எசெக்ஸ் பிரபுவின் கலகத்துக்கு இந்த முறை உதவாது. அங்கே ஊர்மக்களின் பட்டியலே இல்லை, அரண்மனைக்குள் தேடுங்கள். எசெக்ஸிடம் இருந்த இனிப்பு ஒயின் சுங்க உரிமையை அரசி எலிசபெத் 1600-இல் புதுப்பிக்க மறுத்ததிலிருந்து தொடங்கலாம்.